ஆறு முறை கைநழுவிய வீடு: ஏழாவது முறைக்கு முன் எழுதிவைக்க வேண்டிய எண்

கேள்வி: நானும் என் கணவரும் 14 மாதங்களாகச் சொந்த வீடு தேடிக்கொண்டிருக்கிறோம். நாற்பதுக்கும் மேற்பட்ட வீடுகளைப் பார்த்துவிட்டோம். ஆறு வீடுகளுக்கு விலை எழுதிக் கொடுத்தோம். ஆறும் வேறு யாருக்கோ போய்விட்டன. கடைசி வீட்டை வெறும் 1 சதவீத வித்தியாசத்தில் இழந்தோம் என்று முகவர் சொன்னதிலிருந்து எனக்குச் சரியான உறக்கம் இல்லை. அடுத்த முறை, கட்டடத்தைப் பரிசோதித்த பிறகே வாங்குவோம் என்ற நிபந்தனையை விட்டுவிட்டு, எவ்வளவு ஆனாலும் கொடுத்து முடித்துவிட வேண்டும் என்கிறார் கணவர். எனக்கோ தேடலையே நிறுத்திவிடலாம் என்று தோன்றுகிறது. இப்போதெல்லாம் வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே சண்டையில்தான் முடிகிறது. இரண்டு மாதங்களாக விற்காமல் கிடக்கும் ஒரு வீடு மட்டும் எங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் இருக்கிறது. ஆனால் சமையலறை பழையது, சுவர்கள் அழுக்கு என்று முதல் பார்வையிலேயே அதை ஒதுக்கிவிட்டோம். நாங்கள் எங்கே தவறு செய்கிறோம்? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு, வணக்கம்.

ஒரு வீட்டுக்கு விலை எழுதிக் கொடுக்கும் முன்பே நம் மனம் அங்கே குடியேறிவிடுகிறது. கட்டிலை எந்தச் சுவரோரம் போடுவது, பிள்ளை எந்த சன்னலோரம் உட்கார்ந்து படிப்பது என்றெல்லாம் தீர்மானித்த பிறகுதான் நாம் கையெழுத்தே போடுகிறோம். அப்படி ஆறு வீடுகளில் மனத்தளவில் குடியேறி, ஆறிலிருந்தும் வெளியேறி வந்திருக்கிறீர்கள். உங்களுடைய களைப்பும் உறக்கமின்மையும் பலவீனத்தின் அடையாளங்கள் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். இந்தத் தொழிலில் பல ஆண்டுகளாக வாங்குபவர்களின் பக்கத்தில் இருந்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: மிகவும் கவனமாகக் கணக்குப் போடுகிறவர்கள்கூட நான்காவது, ஐந்தாவது தோல்விக்குப் பிறகு கணக்கைக் கைவிட்டுவிடுகிறார்கள். உங்கள் கணவர் இப்போது நிற்பது அந்த இடத்தில்தான். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது இழந்துபோன ஆறு வீடுகளைவிட, அடுத்து நீங்கள் வாங்கிவிடக்கூடிய ஏழாவது வீடுதான்.

முதலில் அந்த 1 சதவீதத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். அதைச் சேர்த்துக் கொடுத்திருந்தால் வீடு கிடைத்திருக்கும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். ஆனால் உங்களுக்குத் தெரிந்தது எதிராளி நின்ற இடம் மட்டுமே; அவர் எதுவரை போகத் தயாராக இருந்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. விற்பவர் இருவரிடமும் மாறி மாறிப் பேசி விலையை ஏற்றிய பேரமாக அது இருந்திருந்தால், நீங்கள் ஒரு படி ஏறியபோது அவரும் ஒரு படி ஏறியிருக்கலாம். அவர் கடன் வாங்காமல் முழுத் தொகையையும் கையில் வைத்திருந்திருக்கலாம். விற்பவர் விரும்பிய நாளில் பணத்தை எண்ணி வைக்கக்கூடியவராகவும் இருந்திருக்கலாம். எனவே நடக்காத ஒன்றை நடந்திருக்கும் என்று உறுதியாக நம்பிக்கொண்டு உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ளாதீர்கள். அதோடு, அந்த வீட்டுக்கு உங்களால் முடிந்த தொகையை முன்கூட்டியே கணக்கிட்டு, அதையே எழுதிக் கொடுத்திருந்தால், வீடு கைவிட்டுப் போனாலும் நீங்கள் செய்தது சரியான செயல். அப்படிக் கணக்கிட்டீர்களா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. நான் உங்களைக் கேட்க விரும்பும் முதல் கேள்வியும் அதுவே.

போட்டி விலையில் வெல்வதற்கென்றே ஓர் ஆபத்து உண்டு என்பதை எண்ணெய் நிறுவனப் பொறியாளர்கள் எழுதி வைத்தார்கள். 1971-இல் கேப்பன், கிளாப், கேம்ப்பெல் என்ற மூவர், மெக்சிகோ வளைகுடாவின் கடலடி எண்ணெய் வயல்களை ஏலத்தில் எடுத்த நிறுவனங்களுக்கு எதிர்பார்த்த வருவாய் ஏன் கிடைக்கவில்லை என்று ஆராய்ந்தார்கள். ஒரே வயலில் எவ்வளவு எண்ணெய் இருக்கும் என்று பல நிறுவனங்களும் தனித்தனியே மதிப்பிடுகின்றன. சிலர் குறைவாகவும் சிலர் கூடுதலாகவும் மதிப்பிடுவார்கள். எல்லா மதிப்பீடுகளின் சராசரி உண்மைக்கு அருகில் இருக்கக்கூடும். ஆனால் ஏலத்தில் வெல்பவர் சராசரியாக மதிப்பிட்டவர் அல்லவே. எல்லோரையும் விட மிகையாக மதிப்பிட்டவரே வெல்கிறார். ஆகவே வெற்றியே அவருடைய கணக்கு பிசகியிருக்கலாம் என்பதற்கான எச்சரிக்கையாகிவிடுகிறது. இதை ‘வென்றவரின் சாபம்’ என்று சொல்கிறார்கள். போட்டியாளர்கள் எத்தனைக்கு எத்தனை அதிகமோ, அத்தனைக்கு அத்தனை இந்த ஆபத்தும் பெருகும். ஏலக் கோட்பாட்டுக்காக 2020-இல் பால் மில்க்ரமுடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்ற ராபர்ட் வில்சன், விவரமறிந்த ஏலதாரர்கள் இந்தச் சாபத்துக்கு அஞ்சித் தங்கள் மதிப்பீட்டைவிடக் குறைவாகவே விலை கேட்பார்கள் என்பதை விளக்கிக் காட்டினார்.

வீடு எண்ணெய் வயல் அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு வீட்டின் மதிப்பில் இரண்டு பங்குகள் கலந்திருக்கின்றன. உங்கள் அலுவலகத்துக்கும் பிள்ளையின் பள்ளிக்கும் அருகில் இருப்பது, முதுமையடைந்த பெற்றோருக்குத் தரைத்தளத்தில் ஓர் அறை கிடைப்பது போன்றவை உங்களுக்கு மட்டுமே உரிய மதிப்பு. அதற்காக மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதில் பிழையில்லை. மறுபக்கம், கட்டடத்தின் உறுதி, நிலத்தின் தன்மை, உரிமைப் பத்திரங்களின் தெளிவு, பிற்காலத்தில் விற்க நேர்ந்தால் கிடைக்கக்கூடிய விலை ஆகியவை எல்லோருக்கும் பொதுவானவை. அவற்றை மிகையாக மதிப்பிட்டால் நட்டம் உங்களுக்குத்தான். ‘எவ்வளவு ஆனாலும்’ என்ற சொல் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. அந்தச் சொல்லை உங்கள் வீட்டில் இனி யாரும் உச்சரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதன் இடத்தில் ஓர் எண்ணை வைக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும், போட்டியாளர்கள் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ளும் முன்பே, உங்கள் உச்ச விலையைத் தாளில் எழுதி, தேதியிட்டு, இருவரும் கையெழுத்திடுங்கள். அந்த எண்ணைக் கண்டுபிடிக்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்று பலருக்குத் தெரிவதில்லை. வங்கி உங்களுக்குக் கடன் கொடுப்பது பொதுவாகத் தன் மதிப்பீட்டாளர் சொல்லும் மதிப்புக்கோ நீங்கள் ஒப்புக்கொண்ட விலைக்கோ, இரண்டில் எது குறைவோ அதற்குத்தான். ஒரு வீட்டின் மதிப்பு 100 பங்கு, அதில் 80 பங்கு கடன், 20 பங்கு உங்கள் கைப்பணம் என்று வைத்துக்கொள்வோம். போட்டியின் வேகத்தில் நீங்கள் 110 என்று எழுதிக் கொடுத்து, வங்கி மட்டும் 100 என்றே மதிப்பிட்டால், கடன் அதே 80-தான். உங்கள் கையிலிருந்து போக வேண்டியது 30 ஆகிவிடும். விலை பத்து சதவீதம் ஏற, நீங்கள் புரட்ட வேண்டிய பணம் ஐம்பது சதவீதம் ஏறிவிடுகிறது. அந்த வேறுபாட்டைக் கொண்டுவர முடியாமல் கொடுத்த முன்பணத்தையே இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கூடுதல் தொகைக்கும் கடன் கிடைத்துவிட்டதாகவே கொண்டாலும், ஆண்டுக்கு 7 சதவீத வட்டியில் 20 ஆண்டுத் தவணையாக வாங்கும் ஒவ்வொரு 100-க்கும் நீங்கள் திருப்பிச் செலுத்துவது ஏறக்குறைய 186. அன்றைய கூட்டத்தின் நடுவே ‘இன்னும் கொஞ்சம்தானே’ என்று தோன்றும் தொகை, இருபது ஆண்டுகளில் அதைப் போல ஏறத்தாழ இருமடங்காக உங்கள் மாதத்தவணைகளில் வந்து சேரும்.

உச்ச விலையைக் கணக்கிடும்போது, விளம்பரத்தில் போட்டிருக்கும் விலையிலிருந்து தொடங்காதீர்கள். 1987-இல் நார்த்கிராஃப்ட், நீல் என்ற இரு ஆய்வாளர்கள், ஒரே வீட்டை மாணவர்களுக்கும் அனுபவமுள்ள வீட்டு முகவர்களுக்கும் காட்டி, வெவ்வேறு குழுவினரிடம் வெவ்வேறு விளம்பர விலையைச் சொல்லி, அந்த வீட்டின் உண்மையான மதிப்பைக் கேட்டார்கள். உயர்ந்த விலையைப் பார்த்தவர்கள் உயர்வாகவும் தாழ்ந்த விலையைப் பார்த்தவர்கள் தாழ்வாகவும் மதிப்பிட்டார்கள். முகவர்களின் மதிப்பீடும் அப்படியே இழுபட்டது. ஆனால் விளம்பர விலையைத் தாங்கள் பொருட்படுத்தியதாக அவர்களில் ஒப்புக்கொண்டவர்கள் சிலரே. தொழிலில் பழகியவர்களுக்கே இந்த நிலை என்றால், வாழ்நாளில் ஒருமுறை வாங்குகிறவர்கள் எத்தனை எச்சரிக்கையாக இருக்க வேண்டும்! சூடான சந்தையில் கூட்டம் சேர்ப்பதற்கென்றே விலையைக் குறைத்துப் போடுவதும் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் உங்கள் தொகை ‘விளம்பரத்தைவிட எட்டு சதவீதம் கூடுதல்’ என்று பெருமைப்படவோ வருந்தவோ எதுவும் இல்லை. அதே பகுதியில் சமீபத்திய சில மாதங்களில் உண்மையிலேயே பதிவாகி முடிந்த விற்பனை விலைகளை மட்டும் பாருங்கள். நீங்கள் இழந்த ஆறு வீடுகளின் இறுதி விலைகளும் இப்போது உங்கள் கையில் இருக்கின்றன. ஆறு தோல்விகளும் உங்களுக்குக் கொடுத்த மிகப் பயனுள்ள பொருள் அதுவே. அந்த ஆறு எண்களையும் உங்கள் பழைய மதிப்பீடுகளையும் அருகருகே எழுதிப் பாருங்கள். எல்லா வீடுகளும் உங்கள் உச்ச விலையைவிடப் பத்துப் பதினைந்து சதவீதம் மேலே போயிருந்தால், நீங்கள் தவறாக ஏலம் கேட்கவில்லை, உங்கள் சக்திக்கு மேற்பட்ட வீடுகளைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். அந்த உண்மை கசப்பானதுதான். ஆனால் அதைத் தெரிந்துகொண்டால் அடுத்த 14 மாதங்கள் மிச்சமாகும்.

விலை கேட்கும் முறையைப் பொறுத்தும் உங்கள் நடத்தை மாற வேண்டும். எல்லோரும் கூடி நிற்கும் வெளிப்படையான ஏலத்தில், வெல்பவர் தமக்கு அடுத்தவர் நின்ற விலையைவிடச் சற்றுக் கூடுதலாக மட்டுமே கொடுக்கிறார். எனவே அங்கே உங்கள் உச்ச விலை வரை அமைதியாக ஏறிப் போய், அதைத் தாண்டியதும் நிறுத்திக்கொள்ளலாம். மூடிய உறையில் எழுதிக் கொடுக்கும் முறையில், எழுதியதை அப்படியே கொடுத்தாக வேண்டும். அடுத்தவர் எவ்வளவோ கீழே நின்றிருந்தாலும் உங்களுக்குத் தள்ளுபடி கிடையாது. அங்கே உச்ச விலைக்குச் சற்றுக் கீழே எழுதுவதே முறை. சற்று என்பது எவ்வளவு என்பதை, அந்த வீட்டை இழந்தால் உங்களுக்கு எத்தனை வருத்தம் என்பதைக் கொண்டு நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இனி, கட்டடப் பரிசோதனை. இதில் நான் உங்கள் கணவரோடு உடன்படவில்லை. அவருடைய மனநிலையைப் புரிந்துகொண்டேதான் இதைச் சொல்கிறேன். பரிசோதனை நிபந்தனையை விட்டுவிட்டால் விற்பவருக்கு உங்கள் விலைக் கடிதம் இனிக்கும் என்பது உண்மை. ஆனால் விட்டுக்கொடுப்பது நிபந்தனையை மட்டுமல்ல, அந்த வீட்டின் அத்தனை மறைந்த குறைகளையும் உங்கள் தலைமேல் ஏற்றுக்கொள்கிறீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு குடும்பம், நான்கு வீடுகளை இழந்த களைப்பில், ஐந்தாவது வீட்டைப் பரிசோதிக்காமலே வாங்கியது. புதிதாக வெள்ளையடித்த சுவர்கள், பளபளக்கும் தரை. முதல் மழைக்காலத்தில் பின்னறை அலமாரிக்குப் பின்னால் சுவர் முழுவதும் ஓதம் ஏறியது. கூரையிலிருந்து இறங்கும் குழாய் சுவருக்குள்ளேயே உடைந்திருந்தது. அதைப் பல ஆண்டுகள் யாரும் சரிசெய்யவில்லை. பழுதுபார்ப்புக்கு அவர்கள் மறுபடியும் கடன் வாங்கினார்கள். போட்டியில் வெல்வதற்காக அவர்கள் கூடுதலாகக் கொடுத்த தொகையைவிட அந்தச் செலவு அதிகம். அந்தக் குடும்பத்தின் தலைவர் பில்களை என் மேசைமேல் வைத்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்றும் நினைவிருக்கிறது.

வேகமும் வேண்டும், பரிசோதனையும் வேண்டும் என்றால் வழி இருக்கிறது. விலை எழுதிக் கொடுத்த பிறகு பத்து நாள் அவகாசம் கேட்பதற்குப் பதிலாக, இரண்டாம் முறை வீட்டைப் பார்க்கப் போகும்போதே ஒரு கட்டடப் பொறியாளரை உடன் அழைத்துச் செல்லுங்கள். ஒரு மணி நேரத்தில் அவர் அஸ்திவார விரிசலையும் கூரையையும் மின்சார இணைப்புகளின் வயதையும் தண்ணீர் வடியும் போக்கையும் பார்த்து, விரிவான அறிக்கை இல்லாவிட்டாலும், ஆபத்து எங்கே இருக்கிறது என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிடுவார். அதற்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால், நிபந்தனையை வைத்துக்கொண்டே அவகாசத்தை மூன்று நாளாகச் சுருக்குங்கள். சிறுசிறு பழுதுகளுக்காக விலையைக் குறைக்கச் சொல்லமாட்டோம், பெரிய கட்டுமானக் குறை தெரிந்தால் மட்டுமே விலகுவோம் என்று எழுதிக் கொடுத்தாலும் விற்பவரின் அச்சம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இவற்றில் எதற்கும் இடம் தராத வீட்டை விட்டுவிடுங்கள். உரிமைப் பத்திரங்களை வழக்கறிஞரிடம் காட்டுவதை எந்தச் சூழ்நிலையிலும், எவ்வளவு அவசரமானாலும், விட்டுக்கொடுக்க வேண்டாம். வில்லங்கமுள்ள வீட்டை எந்தப் பொறியாளராலும் பழுதுபார்த்துத் தர முடியாது.

விற்பவர் எல்லோரும் கடைசி ரூபாய் வரை எதிர்பார்க்கிறார்கள் என்பதும் சரியன்று. பலர் அஞ்சுவது, ஒப்புக்கொண்டவர் பாதியில் கடன் கிடைக்கவில்லை என்று விலகிவிடுவாரோ என்பதற்கே. வங்கியின் முன் ஒப்புதல் கடிதம், சம்பளச் சான்று, கைப்பணத்துக்கான சான்று ஆகியவற்றை முதல் நாளே இணைத்துக் கொடுப்பவருக்கு, சற்றுக் குறைந்த விலையிலும் வீடு கிடைப்பது உண்டு. எப்போது காலி செய்ய விரும்புகிறார்கள் என்று முகவரிடம் நேரடியாகக் கேளுங்கள். புதிய வீடு தயாராகும் வரை இரண்டு மாதம் அங்கேயே இருக்க வேண்டியவருக்கு, அந்த இரண்டு மாதத்தை நீங்கள் கொடுத்தால் அது பணத்துக்கு நிகர். நீங்கள் ஆறு முறையும் விலையை மட்டுமே எழுதிக் கொடுத்தீர்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். தவறாக இருந்தால் மன்னிக்கவும்.

முகவரைப் பற்றி ஒரு சொல். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவருக்குத் தரகு கொடுப்பவர் யார் என்பதை ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விற்பனை முடிந்தால்தான் அவருக்கு வருமானம் என்றால், ‘1 சதவீதத்தில் போய்விட்டது’ என்ற செய்தி உங்கள் அடுத்த விலையை உயர்த்தவும் பயன்படும் என்பதை நினைவில் வையுங்கள். அவர் பொய் சொன்னதாக நான் சொல்லவில்லை. அந்தச் செய்தி உங்களை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

நீங்கள் இருவரும் சண்டையிடுவதற்குக் காரணம், ஒருவருக்கு வீடு வேண்டும், மற்றவருக்கு வேண்டாம் என்பதல்ல என்றே நினைக்கிறேன். ஒரே அச்சத்தை அவர் வேகமாகவும் நீங்கள் விலகியும் எதிர்கொள்கிறீர்கள். அடுத்த வீட்டுக்கு விலை தீர்மானிக்கும்போது இருவரும் தனித்தனி அறையில் உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் காட்டாமல், தங்கள் உச்ச விலையை எழுதுங்கள். இரண்டு எண்களையும் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள், குறைந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். குறைவாக எழுதியவர் அந்தக் கடனை இருபது ஆண்டுகள் மனக்குறையோடு சுமக்க நேர்ந்தால், வீட்டின் எந்த அறையும் அதை ஈடுகட்டாது. ஏன் குறைவாக எழுதினோம் என்று ஒருவர் விளக்கும்போது மற்றவர் குறுக்கிடாமல் கேட்பது, அந்த எண்ணைவிடவும் உங்களுக்கு உதவக்கூடும். அதன் பிறகு மனம் மாறினால் எண்ணைத் திருத்தலாம். ஆனால் அது முந்தைய நாள் இரவோடு முடிந்துவிட வேண்டும். விலை கேட்கும் நாளில் திருத்தம் கிடையாது.

தேடலை நிறுத்தலாமா என்று கேட்கிறீர்கள். நான்கு வாரம் நிறுத்துங்கள். விளம்பரங்களைப் பார்க்க வேண்டாம், முகவரின் அழைப்புகளுக்கு ‘அடுத்த மாதம் பேசுகிறோம்’ என்று சொல்லுங்கள், வார இறுதிகளை உங்கள் குடும்பத்துக்குத் திருப்பிக் கொடுங்கள். இப்போது விட்டால் பிறகு வாங்கவே முடியாது என்று யாரேனும் சொன்னால், நான்கு வாரத்தில் தலைகீழாகிவிடும் சந்தையில் இருபது ஆண்டுக் கடனோடு நுழைவது இன்னும் பெரிய ஆபத்து என்று பதில் சொல்லுங்கள்.

நான்கு வாரம் முடிந்ததும், நீங்கள் முதல் பார்வையிலேயே ஒதுக்கிய அந்தப் பழைய சமையலறை வீடு இன்னும் விற்காமல் இருந்தால், முதலில் அங்கே போங்கள். இரண்டு மாதம் விற்காத வீட்டில் ஏதோ குறை இருக்க வேண்டும் என்று எல்லோரும் எண்ணுவது இயல்பு. குறை இருக்கவும் கூடும். அதனால்தான் பொறியாளரோடு போகச் சொல்கிறேன். சமையலறையையும் சுவர்களையும் பணம் கொடுத்து மாற்றிவிடலாம். தாழ்வான நிலத்தையும், வெளிச்சம் வராத திசையையும், இரைச்சலான தெருவையும், இறங்கிக்கொண்டிருக்கும் அஸ்திவாரத்தையும் எளிதில் மாற்ற முடியாது. இந்தப் பார்வையோடு மறுபடியும் பாருங்கள். வெள்ளையடித்துப் பொலிவாக்கிய வீடுகளை நோக்கிக் கூட்டம் ஓடும்போது, அழுக்குச் சுவருள்ள வீட்டின் முன்னே உங்களோடு போட்டியிட யாரும் இருக்கமாட்டார்கள். நிதானமாகப் பேசலாம், பழுதுபார்ப்புச் செலவை விலையில் கழித்துக் கேட்கலாம், பரிசோதனைக்கும் பத்திரங்களுக்கும் வேண்டிய அவகாசத்தைப் பெறலாம். முடிந்தால் மழை பெய்த மறுநாள் காலையில் போய், கூரையின் மூலைகளையும் பின்சுவரின் அடிப்பகுதியையும் தொட்டுப் பாருங்கள். பொறியாளர் சொன்னதையும் நீங்கள் இருவரும் எழுதிய எண்ணையும் எனக்கு எழுதுங்கள். விலை எழுதிக் கொடுக்கும் முன் மறுபடியும் பேசுவோம்.